பெற்றோரிடம் எப்படிச் சொல்வது: நோட்டிலா, போனிலா, நேரிலா?

குறைபாடு இருக்கலாம் என்று தோன்றும் குழந்தைகளை ஆசிரியர்களான நாம் குறித்துவைக்கும் நலம் நாடி செயலியில் ஒரு குழந்தையின் விவரத்தைப் பதிய அதிக நேரம் ஆவதில்லை. அதே விவரத்தை அந்தக் குழந்தையின் அம்மாவிடம் சொல்வதைத்தான் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். அரையாண்டுத் தேர்வு முடியட்டும், குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் சிறப்புப் பயிற்றுநர் வரட்டும், மருத்துவ மதிப்பீட்டு முகாமின் தேதி தெரியட்டும் என்று காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. கடைசியில் முகாமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "நாளைக் கழிச்சு பையனக் கூட்டிக்கிட்டு பிளாக்குக்கு வந்துடுங்க, ஆதார் எடுத்துக்கங்க" என்று போனில் ஒரு வரி. எதற்கு என்றே தெரியாமல் வரிசையில் நிற்கும் அம்மா, மனநல மருத்துவரின் மேசைக்கு முன்னால்தான் விஷயத்தை முதன்முதலாகக் கேள்விப்படுகிறார். அதோடு அடுத்த முகாமுக்கு அவர் வருவதில்லை.

இப்படி ஆகாமல் இருக்க நம் கையில் பல வழிகள் உண்டு. பெற்றோர் கூட்டம், போன், வாட்ஸ்அப், தகவல் நோட்டு, பள்ளிக்கு வரச்சொல்லித் தனியாகப் பேசுவது, வீட்டுக்கே போவது. ஒவ்வொரு பள்ளியிலும் இதில் ஒன்று பழக்கமாகிவிடுகிறது. பிறகு எல்லா விஷயத்துக்கும் அதே வழிதான். எது எதற்குப் பொருந்தும் என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலைமையை வைத்துப் பார்க்கலாம். நான் கேட்டுப் பார்க்கும் கேள்விகள் மூன்று. பெற்றோரால் திருப்பிக் கேள்வி கேட்க முடியுமா? இது வேறு யார் காதில் விழும்? பேச்சு முடிந்த பிறகு எடுத்துப் பார்க்க அவர்கள் கையில் ஏதாவது இருக்குமா?

முதல் பேச்சு எங்கே?

பெற்றோர் கூட்டத்தை இந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் குறைபாடுள்ள பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் உள்ளடக்கிய கல்வியைப் பற்றிப் பொதுவாகப் பேசலாம், பேசவும் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை அருகில் உள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. இதைப் பத்துப் பேர் முன்னால் சொன்னால் பத்துப் பேருக்கும் பயன். ஆனால் அதே கூட்டம் முடியும்போது "உங்க பொண்ணு விஷயமா கொஞ்சம் பேசணும், நீங்க மட்டும் இருங்க" என்று ஒருவரை நிறுத்தினால், மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

போனும் முதல் பேச்சுக்குச் சரிப்படாது. எதிர்முனையில் இருப்பவர் டவுன் பஸ்ஸில் இருக்கிறாரா, தக்காளி பறித்துக்கொண்டிருக்கிறாரா, ஓசூர் கம்பெனி வேனில் பத்துப் பேரோடு உட்கார்ந்திருக்கிறாரா, நமக்குத் தெரியாது. முகம் தெரியாததால் சொன்னது புரிந்ததா என்றும் தெரியாது. "சரிங்க டீச்சர்" என்பது மட்டும் நான்கு தடவை கேட்கும். போனை வைத்தால் போதும் என்று சொல்கிற சரியாகவும் அது இருக்கலாம்.

மிச்சம் இருப்பது வீடும் பள்ளியும். வீட்டுக்குப் போய்ப் பேசுவதைத்தான் எல்லோரும் உயர்வாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். பாலக்கோடு பக்கமோ போச்சம்பள்ளி பக்கமோ ஒரு ஊருக்குள் டீச்சர் வண்டி வந்து நின்றால், அது அந்தத் தெருவுக்கே சேதி. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். கலர் வாங்க ஒரு பையன் கடைக்கு ஓடுவான். கட்டிலில் மாமியார் உட்கார்ந்திருப்பார். "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லயே" என்று அவர் ஆரம்பித்துவிட்டால், குழந்தையைப் பற்றிய பேச்சு மருமகளின் பிறந்த வீட்டைப் பற்றிய பேச்சாகிவிடும். நாம் கிளம்பிய பிறகு அங்கே அந்த அம்மா கேட்க வேண்டியிருப்பதை நாம் கேட்கப் போவதில்லை.

அதனால் முதல் பேச்சுக்கு என் ஓட்டு பள்ளிக்கூடத்துக்குத்தான். பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, வகுப்பறையில், குழந்தையின் நோட்டை மேசையில் வைத்துக்கொண்டு. தலைமையாசிரியர் அறை வேண்டாம். அங்கே யாராவது கையெழுத்துக்கு வந்துகொண்டே இருப்பார்கள், தவிர அந்த அறைக்குக் கூப்பிட்டாலே பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும். வகுப்பறை என்றால் பெஞ்சில் பக்கத்தில் உட்காரலாம். நோட்டைப் புரட்டிக் காட்டலாம். கண் கலங்கினால் பார்க்க யாரும் இல்லை.

இதில் ஒரு செலவு இருக்கிறது, அதைப் பெற்றோர்தான் ஏற்கிறார்கள். நூறு நாள் வேலைக்கோ களை எடுக்கவோ போகிறவருக்கு "காலையில பத்து மணிக்கு வாங்க" என்றால் ஒரு நாள் கூலி போகும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் பஸ் காசுகூடப் பெரிதில்லை, வேலைதான் பெரிது. "உங்களுக்கு எப்போ தோது?" என்று கேட்டு நேரம் குறிப்பது நல்லது. கூப்பிடும்போதே காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்: "பயப்பட ஒண்ணும் இல்ல, படிப்பு விஷயமா பேசணும்." காரணம் சொல்லாமல் கூப்பிட்டால் இரவு முழுக்கத் தூங்க மாட்டார்கள்.

வத்தல்மலை, சித்தேரி போன்ற மலை ஊர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கிருந்து கீழே இறங்கிப் பள்ளிக்கு வந்து திரும்புவதற்கே ஒரு நாள் ஆகலாம். நாம்தான் போக வேண்டும். நடக்க முடியாமல் வீட்டிலேயே கல்வி பெறும் குழந்தைக்கும் அப்படியே. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தே கற்கும் வாய்ப்பைக் கொடுத்திருக்கிறது. அந்த வீடுகளுக்குச் சிறப்புப் பயிற்றுநர் எப்படியும் போகிறார். வகுப்பாசிரியரும் ஒரு தடவை அவரோடு போனால், பிள்ளை வருகைப் பதிவேட்டில் வெறும் பெயர் அல்ல என்று அந்த வீட்டுக்குத் தெரியும்.

யார் பேசுவது?

சிறப்புப் பயிற்றுநரையே பேசவைத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்குத்தான் விவரம் தெரியும், உண்மைதான். ஆனால் பல பள்ளிகளைச் சுற்றிவரும் அவரை அந்த அம்மா அதற்கு முன் பார்த்தே இருக்க மாட்டார். தினமும் பிள்ளையைப் பார்க்கிற வகுப்பாசிரியர் பேச்சைத் தொடங்கி, பயிற்றுநர் பக்கத்தில் இருந்து அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்வது, ஒருவர் மட்டும் பேசுவதைவிட மேல். அவர் வரும் நாளுக்காக முதல் பேச்சையே தள்ளிப்போட வேண்டியதில்லை.

என்ன சொல்வது?

வழி எதுவாக இருந்தாலும், சொல்லும் சொல் சரியில்லை என்றால் வீண். இதில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, பெயரை முதலில் சொல்வது: "உங்க பையனுக்கு கற்றல் குறைபாடு இருக்குது." இன்னொன்று, பார்த்ததை முதலில் சொல்வது. நான் இரண்டாவது கட்சி. பேச்சு இப்படிப் போகலாம்:

"ஏம்மா, இவன் கடைக்குப் போனா மீதிச் சில்லறை சரியா வாங்கிட்டு வருவானா?"

"அதெல்லாம் கரெக்டா வாங்கிட்டு வந்துருவாங்க டீச்சர்."

"இங்கயும் வாய்க்கணக்கு நல்லாத்தான் போடறான். எழுதறப்பதான் தடுமாறறான். இந்த நோட்டப் பாருங்க, கொம்பும் காலும் இடம் மாறி மாறி வருது. பலகையப் பாத்து எழுத மத்த பசங்களவிட ரெண்டு மடங்கு நேரமாகுது. ஜூலையில இருந்து கவனிக்கறேன். ஏன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க ஒரு தடவ பாத்துச் சொன்னா நல்லதுன்னு தோணுது."

இங்கே ஆசிரியர் எந்த நோயின் பெயரையும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. நாம் செய்வது முதற்கட்டக் கண்டறிதல். சான்று கொடுப்பது மருத்துவக் குழு. கற்றல் குறைபாட்டைப் பொறுத்தவரை, 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முன்னால் வருகிறதோ அப்போது ஆசிரியர்கள் முதற்கட்டமாகக் கண்டறிய வேண்டும் என்றது. ஆகவே மூன்றாம் வகுப்பு ஆசிரியர் "நமக்கெதற்கு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வார்கள்" என்று விடுவதற்கு இடமில்லை. அதே சமயம் ஆசிரியர் அறையில் சாதாரணமாகப் புழங்கும் "ஸ்லோ லேர்னர்", "எம்.ஆர். கேஸ்" (மனவளர்ச்சி குன்றியவர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எல்லாம் வாய் தவறியும் பெற்றோர் முன்னால் வரக் கூடாது. முன்னால் வரக் கூடாது என்றால் பின்னாலும் எதற்கு என்பது வேறு கதை.

பேசி முடித்ததும் சும்மா இருக்க வேண்டும். அப்போதுதான் கேள்விகள் வரும். மாத்திரை கொடுத்தா சரியாயிடுமா? பேர வெட்டிருவீங்களா? வயித்துல இருந்தப்ப கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டேன், அதனாலயா? கடைசிக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். அந்தக் குற்ற உணர்வை எட்டு வருஷமாகச் சுமந்திருப்பார். "கிரகணத்தால எல்லாம் வராதும்மா, நீங்க செஞ்ச எதாலயும் இல்ல" என்று நேராகச் சொல்வது போதும். பேர் வெட்டுவது பற்றிய பயத்துக்கும் பதில் தெளிவு: பிள்ளை இதே வகுப்பில்தான் படிக்கும். மாத்திரையைப் பற்றி மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பெண் குழந்தை என்றால் இன்னொரு கேள்வி கேட்கப்படாமலே நிற்கும்: சர்டிபிகேட் வாங்கிவிட்டால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்? இதை நாமாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சான்றை ஊருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, தேவைப்படும் இடத்தில் தேவைப்படும்போது காட்டினால் போதும் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம்.

பணத்தை வைத்துப் பேச்சைத் தொடங்குவது இன்னொரு வழக்கம். "சர்டிபிகேட் வாங்குங்க, மாசம் ரெண்டாயிரம் வரும்" என்று. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் எனச் சில பிரிவினருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருப்பது உண்மை. எல்லா வகைக்கும் அது கிடையாது. கிடைக்காத வீட்டில் அதோடு டீச்சர் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். கிடைக்கிற வீட்டிலும், அப்பாவுக்கு விஷயம் பணத்தோடு முடிந்துவிடும். உதவித்தொகையை இரண்டாவது பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வழக்கமான தொடர்புக்கு நோட்டா, வாட்ஸ்அப்பா?

முதல் பேச்சு முடிந்தது. இனி வாரா வாரம் நடப்பதைச் சொல்ல வேண்டும். தகவல் நோட்டு பழைய வழி, பதிவு நிற்கும், செலவு இல்லை. நல்ல நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "திங்கள்: பத்து வரை விரல் விடாமல் கூட்டினாள். மணி அடித்தபோது காதைப் பொத்திக்கொண்டாள், பிறகு சரியாகிவிட்டாள். வீட்டில் மிக்ஸி ஓடும்போது எப்படி இருக்கிறாள்?" கடைசிக் கேள்விதான் இதில் முக்கியம். பதில் எழுத வேண்டியிருப்பதால் அம்மா கவனிக்கிறார்.

படிக்கத் தெரியாத வீட்டில் இந்த நோட்டுக்கு அர்த்தம் இல்லை. அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் கட்டட வேலைக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் போயிருக்க, பிள்ளை பாட்டியிடம் வளரும் வீடு பென்னாகரம், அரூர் பக்கம் ஏராளம். பாட்டிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நோட்டை அடுத்த வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் சத்தமாக வாசித்துக் காட்டும். சுற்றி நாலு பேர் கேட்பார்கள். நோட்டில் எழுதியது எல்லாம் தெருவில் படிக்கப்படும் என்று நினைத்தே எழுத வேண்டும்.

வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதைவிடக் குரல் பதிவு நல்லது. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் அம்மா இரவு வந்து கேட்டுவிட்டு, அவரும் குரலிலேயே பதில் அனுப்புவார். எழுத்தில் தயங்குகிறவர்கள் குரலில் மளமளவென்று பேசிவிடுகிறார்கள். ஒரு பதிவில் ஒரு விஷயம், ஒரு நிமிடத்துக்குள். நடந்த நல்லதையும் அனுப்ப வேண்டும். டீச்சர் நம்பரைப் பார்த்தாலே என்ன புகாரோ என்று வயிறு கலங்கினால் யாரும் திறந்து கேட்க மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: இந்தப் பதிவுகளை எல்லோரும் ஸ்பீக்கரில்தான் கேட்கிறார்கள், பஸ்ஸில் உட்பட. குறைபாட்டின் பெயர், விழுக்காடு, மருத்துவர் சொன்னது எதுவும் அதில் வேண்டாம். வகுப்புக் குழுவில் ஒரு குழந்தையைப் பற்றித் தனியாக ஒரு வரிகூட வேண்டாம். முகாமில் எடுத்த படத்தைக் குழுவில் போடுவது பல இடங்களில் சகஜமாக நடக்கிறது. அது ஒரு குழந்தையின் மருத்துவ விவரம் என்பது படம் எடுக்கிற அவசரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், ஸ்மார்ட்போன் இருக்கிற வீட்டுக்குக் குரல் பதிவு. பட்டன் போன் பாட்டிக்கு, வாரம் ஒரு நாள் அவர் பிள்ளையை விட வரும்போது பள்ளி கேட்டில் ஐந்து நிமிடம்.

முகாம் என்றால் காகிதம்

கல்வித் துறையின் வட்டார வள மையம் நடத்தும் மருத்துவ மதிப்பீட்டு முகாம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கான விண்ணப்பம், தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது ஆகிய எதற்கும் வாய்ப்பேச்சு போதாது. ஒரு துண்டுச் சீட்டு, பெரிய எழுத்தில். இடம், நாள், நேரம்; எந்த பஸ், எந்த நிறுத்தம்; ஆதார், ரேஷன் கார்டு நகல், போட்டோ; பழைய மருத்துவச் சீட்டுகள் இருந்தால் அவை; பிள்ளைக்குச் சாப்பாடும் தண்ணீரும், ஏனென்றால் மதியத்தைத் தாண்டும்; அங்கே போய் யாரைப் பார்ப்பது. கீழே ஆசிரியரின் கைபேசி எண். படிக்கத் தெரியாதவர்களும் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வழியில் யாரிடமாவது காட்டிக் கேட்பார்கள். அதனால் சீட்டில் முகாம் என்று மட்டும் இருந்தால் போதும், எதற்கான முகாம் என்று இருக்க வேண்டாம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சலுகைகளும் காகித விஷயம்தான். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்பவை குறைபாட்டின் வகையைப் பொறுத்துக் கிடைக்கும். சான்று இல்லாமல் கேட்க முடியாது. இதை எட்டாம் வகுப்பிலேயே வீட்டில் சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்பு டிசம்பரில் சொன்னால், சான்றுக்கு அலையவும் நேரம் இருக்காது.

வீட்டு மொழி வேறாக இருந்தால்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் நிறைய. அம்மாவுக்குக் கடைத்தெருத் தமிழ் வரும். "கவனம் சிதறுது", "புரிஞ்சுக்கறதுல சிரமம்" போன்றவை புரியாமல் போகும். மொழிபெயர்க்க யாரை வைப்பது? கையில் கிடைப்பது அதே பள்ளியில் எட்டாவது படிக்கும் அக்கா. அவளை வைக்காதீர்கள். தம்பியைப் பற்றி அம்மா அழுவதை அவள் மொழிபெயர்க்க வேண்டி வரும். தவிர, பாதியை விட்டுவிட்டுச் சொல்வாள். அந்தப் பகுதியில் தெலுங்கு, கன்னட வழிப் பள்ளி ஆசிரியர்களே இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவரை ஒரு அரை மணி நேரம் கேட்டுக்கொள்ளலாம். பெற்றோரிடம் முன்கூட்டியே "இவங்க வந்தா உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்பது அவசியம், உறவினராகவும் இருந்துவிடலாம் அல்லவா.

முடிவெடுப்பவர் ஊரில் இல்லாதபோது

அம்மா புரிந்துகொண்டார், சம்மதமும் சொன்னார். "அவரு வரட்டுங்க டீச்சர், கேட்டுக்கிட்டுச் சொல்றேன்" என்பதில் வந்து நிற்கும். அவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில். இங்கேதான் போன் உதவும், முதல் பேச்சுக்கு உதவாத அதே போன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை இல்லாத நேரம் பார்த்து, அம்மாவும் பக்கத்தில் இருக்க, வீடியோ அழைப்பில் பேசலாம். அம்மாவிடம் சொன்னதையே, அதே நோட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும். அம்மா வழியாக மட்டும் விஷயம் போனால், "டீச்சருக்கு வேற வேல இல்ல" என்ற பதில்தான் வரும். அதற்கு அந்த அம்மா என்ன செய்வார்? இன்னும் நல்லது பொங்கலும் மாரியம்மன் பண்டிகையும். வெளியூரில் இருப்பவர்கள் கட்டாயம் ஊருக்கு வருவார்கள். பண்டிகைக்கு முதல் நாள் வேண்டாம், திரும்பிப் போவதற்கு முதல் நாள் பள்ளிக்கு வரச்சொல்லலாம். விடுமுறை என்றால் நாம் ஒரு மணி நேரம் வந்துதான் ஆக வேண்டும்.

குடும்பத்தோடு வேலைக்குப் போய்விடுகிறவர்களுக்கு, செங்கல் சூளையோ கரும்பு வெட்டோ, கிளம்பும் முன் ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிடுங்கள். சான்றின் நகல், அடையாள அட்டை எண், கடைசியாக என்ன பாடம் நடந்தது, பிள்ளைக்கு எது எளிது எது சிரமம் என்று ஒரு பக்கம், நம் எண். கர்நாடகத்துக்குப் போகிறவர்கள் என்றால் அந்த ஒரு பக்கத்தைக் கன்னடத்திலும் எழுதி வாங்கி வைக்கலாம். ஓசூர் பக்கம் எழுதித் தர ஆள் கிடைப்பது கடினமில்லை.